ஏற்றத்தில் ஆஃப் ஆகும் கார்: இரண்டாவது டெஸ்ட்டுக்கு எப்படித் தயாராவது?

கேள்வி: சேலத்தில் இருக்கிறேன். வயது 43. கியர் இல்லாத ஸ்கூட்டரை 12 வருஷமாக ஓட்டுகிறேன், அதற்கு லைசென்ஸும் இருக்கிறது. காருக்கு எல்.எல்.ஆர். எடுத்து நாலு மாதம் முடிந்துவிட்டது. டிரைவிங் ஸ்கூலில் 21 நாள் போனேன். ஒரு வண்டியில் மூன்று பேர் மாறி மாறி ஓட்டுவோம், என் கைக்கு ஸ்டியரிங் வருவது தினம் 15 நிமிஷம். அந்த 21 நாளும் பெரிதாகத் திணறியதில்லை. போன வாரம் டெஸ்ட்டில் ஏற்றத்தில் நிறுத்தி எடுக்கச் சொன்னார்கள். முதலில் பின்னால் உருண்டது, அப்புறம் மூன்று தடவை ஆஃப் ஆகிவிட்டது. ரிவர்ஸும் கோணலாகப் போனது. ஃபெயில். டெஸ்ட்டுக்குக் கொண்டுபோனதும் அதே ஸ்கூல் வண்டிதான். வீட்டுக் காரில் பழகலாம் என்றால் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து கத்துகிறார். 'அடுத்த தடவை நாங்க பார்த்துக்கறோம் மேடம்' என்கிறார்கள் ஸ்கூலில். ஆட்டோமேட்டிக்குக்கு மாறிவிடட்டுமா? இந்த வயதில் எனக்கு இது வருமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் போகிற போக்கில் எழுதிய ஒரு வரியில் இருந்து தொடங்குகிறேன். 'அதே ஸ்கூல் வண்டிதான்.' 21 நாள் ஒழுங்காகப் போன வண்டி டெஸ்ட் அன்று மட்டும் ஏன் மக்கர் செய்தது? அன்றைக்கு மாறியது ஒன்றே ஒன்று. இடது பக்க சீட்டில் பயிற்சியாளர் இல்லை, இன்ஸ்பெக்டர் இருந்தார்.

ஸ்கூல் வண்டிகளில் பயிற்சியாளர் காலடியிலும் கிளட்ச், பிரேக் இருக்கும். 1989-ஆம் வருடத்து மத்திய மோட்டார் வாகன விதிகள் அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. உயிர் காக்கும் ஏற்பாடு, அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் மூன்று பேரை வைத்துக்கொண்டு மெயின் ரோட்டில் போகும்போது வண்டி அடிக்கடி ஆஃப் ஆனால் பின்னால் வருகிற பஸ்காரர் ஹாரனை விட மாட்டார். அதனால் பயிற்சியாளர் தன் பக்கத்துக் கிளட்சில் காலை வைத்தபடியே இருப்பார். நீங்கள் சட்டென்று காலை எடுத்தாலும் வண்டி அணையாது, அவர் கால் இன்னும் விடவில்லை. ஏற்றத்தில் பின்னால் போகாது, பிரேக் அவரிடம். 21 நாளும் ஸ்டியரிங் உங்களிடமும் கிளட்ச் அவரிடமும் இருந்திருக்கிறது. உங்கள் இடது காலுக்கு இனிமேல்தான் பாடம் தொடங்க வேண்டும்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். தினம் 15 நிமிஷம், 21 நாள் என்றால் 315 நிமிஷம், அதாவது ஐந்தே கால் மணி நேரம். காருக்கான பயிற்சியில் மாணவர் 10 மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்டியிருக்க வேண்டும் என்று விதி 31 சொல்கிறது. பக்கத்து சீட்டில் உட்கார்ந்து பார்த்த நேரம் இதில் சேராது. உங்களுக்குக் கிடைத்தது பாதிதான். மீதி நாலே முக்கால் மணி நேரத்தைக் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. அந்த வகுப்புகளில் முதல் நாளே பயிற்சியாளரிடம் தெளிவாகச் சொல்லுங்கள்: "சார், ஆபத்து வந்தா பிரேக் போடுங்க. கிளட்சுல மட்டும் கால் வைக்காதீங்க. ஆஃப் ஆனா நானே ஸ்டார்ட் பண்ணிக்கறேன்." முதல் நாள் பத்துப் பதினைந்து தடவை அணையும். அணையட்டும்.

இப்போது கிளட்ச். எஞ்சின் பக்கம் ஒரு தட்டு எந்நேரமும் சுற்றிக்கொண்டே இருக்கிறது. கியர்பாக்ஸ் பக்கம் இன்னொரு தட்டு. பெடலை முழுக்க மிதித்தால் இரண்டும் பிரிந்து நிற்கும். காலை எடுக்க எடுக்க நெருங்கி வந்து ஓர் இடத்தில் உரசத் தொடங்கும். அந்த உரசலில்தான் நிற்கிற சக்கரத்துக்கு எஞ்சினின் வேகம் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்ச் சேர்கிறது. இதைத்தான் ஸ்கூல்களில் ஹாஃப் கிளட்ச் என்கிறார்கள். அந்த இடத்தைத் தாண்டிக் காலை வேகமாக விட்டால், சுற்றுகிற எஞ்சினை அசையாமல் நிற்கிற ஒரு டன் கார் ஒரே பிடியாகப் பிடித்து நிறுத்திவிடும். ஆஃப் ஆவது என்பது இதுதான்.

அந்த இடத்தைக் கண்டுபிடிக்க ஆக்ஸிலேட்டர் தேவையே இல்லை. சமதளமான வெற்று இடத்தில் வண்டியை நிறுத்துங்கள். புதிதாக மனை பிரித்துத் தார் ரோடு போட்டு, வீடு வராமல் கிடக்கிற இடங்கள் இதற்கு அருமையாக இருக்கும். பிரேக்கையும் கிளட்சையும் முழுக்க மிதித்து முதல் கியர் போட்டு, ஹேண்ட் பிரேக்கை எடுங்கள். வலது காலைப் பிரேக்கிலிருந்து எடுத்துத் தரையில் ஊன்றிவிடுங்கள். இடது குதிகாலையும் தரையில் ஊன்றிக்கொண்டு, முன்பாதத்தை மட்டும் மெல்ல உயர்த்துங்கள். முதலில் ஒன்றும் நடக்காது. பிறகு எஞ்சின் சத்தம் அரை சுருதி இறங்கும், ஸ்டியரிங்கில் சின்னதாக ஒரு அதிர்வு வரும், வண்டி தவழ ஆரம்பிக்கும். அங்கேயே பாதத்தை நிறுத்துங்கள். மூன்று எண்ணும்வரை அசைக்காதீர்கள். வண்டி நடை வேகத்துக்கு வந்தபின் மிச்சத்தை விடுங்கள். இன்றைய பெட்ரோல் கார்கள் பெரும்பாலும் சமதளத்தில் இப்படி ஐடிலிலேயே நகர்ந்துவிடும். நிறுத்துங்கள், மறுபடி எடுங்கள். ஒரு நாளைக்கு 20 தடவை, நாலு நாள். இந்த நாலு நாளும் இரண்டாம் கியர்கூட வேண்டாம்.

பெரும்பாலானவர்கள் தவறு செய்வது அந்த மூன்று எண்ணிக்கையில்தான். வண்டி அசைந்தவுடன் 'கிளம்பியாச்சு' என்று கால் தானாக விட்டுவிடும். அசைவது பாதி வேலை, சக்கரமும் எஞ்சினும் ஒரே வேகத்துக்கு வரும்வரை பாதம் காத்திருக்க வேண்டும்.

செருப்பு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். பின்வார் இல்லாத செருப்பு கிளட்சுக்கு அடியில் கழன்று மாட்டும். தடித்த அடிப்பாகம் உள்ள செருப்பில் உரசல் காலுக்குத் தெரியாது. மெல்லிய அடி, பின்வார் உள்ள செருப்பு அல்லது ஷூ போதும். புடவை என்றால் கொசுவம் குதிகாலுக்குக் கீழே போகாதபடி உட்கார்ந்ததும் ஒரு தடவை இழுத்துவிட்டுக்கொள்ளுங்கள். சீட்டின் தூரமும் முக்கியம். கிளட்சைத் தரைவரை மிதித்த நிலையில் இடது முழங்கால் லேசாக மடிந்திருக்க வேண்டும். கால் விறைத்து நீண்டால் ஹாஃப் கிளட்சில் பாதம் நடுங்கும், அது பயத்தால் வருகிற நடுக்கம் அல்ல. பானெட் தெரியவில்லை என்று தலையணை போட்டு உட்காராதீர்கள். பிரேக் போடும்போது அது வழுக்கும். சீட்டை உயர்த்த நெம்புகோல் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாவிட்டால் நழுவாத கெட்டியான குஷனைக் கட்டி வைத்துப் பழகுங்கள்.

ஏற்றத்துக்கு வருவோம். நீங்கள் தோற்ற இடம் இது. இன்ஸ்பெக்டர் பார்க்க வேண்டிய அம்சங்களை விதி 15 வரிசையாகப் பட்டியல் போடுகிறது. செங்குத்தான ஏற்றத்தில் ஹேண்ட் பிரேக்கையோ, ஆக்ஸிலேட்டரையும் கால் பிரேக்கையுமோ சரியாகப் பயன்படுத்தி, கொஞ்சமும் பின்னால் உருளாமல் மறுபடி கிளம்ப வேண்டும் என்பது அதில் ஒன்று. எஞ்சின் அணைவதைப் பற்றி அந்தப் பட்டியலில் தனியாக எதுவும் இல்லை. அதாவது ஏற்றத்தில் அணைவதை விட உருளுவதுதான் பெரிய தவறு, பின்னால் இன்னொரு வண்டி நிற்கிற ரோட்டில் அதற்கான காரணம் புரியும். ஆகவே ஹேண்ட் பிரேக் முறையையே உங்களுக்குச் சொல்கிறேன்.

நிறுத்தும்போது கால் பிரேக், உடனே ஹேண்ட் பிரேக்கை நன்றாக மேலே இழுத்துவிடுங்கள். கிளட்சை மிதித்து முதல் கியர். வலது காலைப் பிரேக்கிலிருந்து ஆக்ஸிலேட்டருக்கு மாற்றி, எஞ்சின் சுற்றுகளைக் காட்டுகிற மீட்டரின் முள் 1,500-க்கும் 2,000-க்கும் நடுவே நிற்கும் அளவுக்கு அழுத்துங்கள். முள் இல்லாத வண்டியில், ஐடிலை விடத் தெளிவாகக் கேட்கிற ஒரே சீரான உறுமல். அந்தச் சத்தம் ஏறி இறங்கக் கூடாது. இப்போது இடது பாதத்தை மெல்ல உயர்த்துங்கள். உறுமல் கனத்து இறங்கும், பானெட்டின் முன்பகுதி ஓர் அங்குலம் மேலே எழும், சீட்டின் பின்பக்கம் லேசாக அமுங்கும். கயிறு கட்டிய மாடு முன்னால் இழுக்கிற மாதிரி, வண்டி போகத் துடிக்கும், ஹேண்ட் பிரேக் பிடித்து வைத்திருக்கும். இந்த நிலை வந்தபிறகுதான் ஹேண்ட் பிரேக்கை இறக்க வேண்டும். அதற்கு முன்னால் இறக்கினால் உருளும். உங்கள் முதல் முயற்சியில் நடந்தது அதுதான்.

அடுத்த மூன்று முயற்சிகளில் நடந்தது வேறு. நம் வண்டிகளில் ஹேண்ட் பிரேக் இடது கைப் பக்கம், கிளட்ச் இடது காலில். ஹேண்ட் பிரேக் பொத்தானை அழுத்திக் கையைக் கீழே இறக்கும் அந்த நொடியில் உடம்பின் இடது பக்கம் முழுவதும் தளரும். கை இறங்கும்போதே கால் மேலே வந்துவிடும். அரை அங்குலம் போதும், வண்டி அணைந்துவிடும். ஓட்டுகிறவருக்கு இது தெரியவே தெரியாது. 'காலை அசைக்கவே இல்லையே' என்று சத்தியம் செய்வார்கள். உங்கள் கணவரைப் பக்கத்து சீட்டில் இருந்து உங்கள் இடது முழங்காலை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். முழங்கால் துள்ளினால் காரணம் இதுதான்.

இதற்கு மருந்து, எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமலே வீட்டு வாசலில் செய்யக்கூடிய பயிற்சி. தரை சமமாக இருக்கட்டும், வண்டி நியூட்ரலில் இருக்கட்டும், சக்கரத்துக்கு முன்னும் பின்னும் கல் வையுங்கள். கிளட்சைப் பாதி மிதித்து நிறுத்துங்கள். காலை அப்படியே வைத்துக்கொண்டு ஹேண்ட் பிரேக்கை முதலில் கொஞ்சம் மேலே இழுத்து, பொத்தானை அழுத்தி, மெல்லக் கீழே இறக்குங்கள். மறுபடி இழுங்கள். 30 தடவை. முதல் பத்துத் தடவையிலேயே கையோடு கால் எப்படிக் கிளம்புகிறது என்று உங்களுக்கே தெரிந்துவிடும். முதலில் கொஞ்சம் மேலே இழுக்கச் சொல்வது ஏனென்றால், பல்லில் மாட்டியிருக்கிற ஹேண்ட் பிரேக் அப்போதுதான் சுலபமாக விடுபடும். பொத்தானோடு மல்லுக்கட்டும்போதுதான் கால் அதிகமாக நழுவுகிறது.

கையையும் காலையும் பிரித்துப் பழகிய பிறகு சின்ன ஏற்றத்துக்குப் போங்கள். ஏரிக்கரைக்கு ஏறுகிற பாதை, கல்வெர்ட்டு மேடு போன்றவை போதும். உங்கள் ஊரில் இருப்பதால் சொல்கிறேன், ஏற்காடு அடிவாரத்தை இதற்குத் தேர்ந்தெடுக்காதீர்கள். 20 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள பாதையில் மேலே போகிற வண்டியும் கீழே வருகிற வண்டியும் உங்களுக்காகக் காத்திருக்க முடியாது. அபார்ட்மென்ட் பார்க்கிங் சரிவும் ஆரம்பத்துக்கு மிகவும் செங்குத்து. ஐந்தாறு முயற்சிக்கு ஒரு முறை வண்டியைச் சமதளத்துக்குக் கொண்டுவந்து சில நிமிஷம் விடுங்கள். கருகிய வாசனை வந்தால் கிளட்ச் தட்டு சூடாகிவிட்டது என்று அர்த்தம். வீட்டுக் காரில் ஹில் ஹோல்டு வசதி இருந்தால் அது பிரேக்கிலிருந்து கால் எடுத்தபின் ஓரிரு நொடி வண்டியைப் பிடித்து வைக்கும். டெஸ்ட் வண்டியில் அது இல்லாமல் போகலாம், அதை நம்பிப் பழகாதீர்கள்.

இன்னொரு விஷயம், இது உங்களைப் போல ஸ்கூட்டரில் இருந்து காருக்கு வருகிறவர்களுக்கே உரியது. கியர் இல்லாத ஸ்கூட்டரில் இரண்டு பிரேக்கும் கையில். 12 வருஷமாக, யாராவது குறுக்கே வந்தால் உங்கள் கைகள் இறுகியிருக்கின்றன. காரில் அதே பதற்றத்தில் கைகள் ஸ்டியரிங்கைத்தான் இறுக்கும், வண்டி நிற்காது. பதறுகிற நொடியில் வேலை செய்ய வேண்டியது வலது கால் என்பதை அந்தக் காலுக்குச் சொல்லிக் கொடுத்தாக வேண்டும். வெற்று இடத்தில் 20 கி.மீ. வேகத்தில், பின்னால் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு ஓட்டுங்கள். பக்கத்தில் இருப்பவர் எதிர்பாராத நேரத்தில் 'நிறுத்து' என்று சொல்லட்டும். முதலில் பிரேக், அதன் பின்னாலேயே கிளட்ச், இரண்டும் முழுக்க. தினம் பத்துத் தடவை. கிளட்சை முதலில் மிதித்தால் எஞ்சினின் பிடி விட்டுப் போய் வண்டி இன்னும் கொஞ்சம் தூரம் ஓடும். சாதாரணமாக வேகம் குறைக்கும்போதும் வரிசை இதுவே.

ஸ்கூட்டரின் இன்னொரு பழக்கம் இடைவெளி கண்ட இடத்தில் நுழைவது. காரில் உங்களுக்கு வலப்பக்கம் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது, இடப்பக்கச் சக்கரம் எங்கே போகிறது என்று தெரியாது. அதனால்தான் புதியவர்கள் ரோட்டு நடுவிலேயே ஓட்டுவார்கள், 'லெஃப்ட்ல ஒதுங்கும்மா' என்ற குரல் வந்துகொண்டே இருக்கும். காலித் தண்ணீர் பாட்டில் ஒன்றை ரோட்டில் படுக்க வைத்து, இடது முன்சக்கரத்தால் அதை நசுக்கப் பாருங்கள். கிளம்பும்போது பாட்டில் கண்ணாடி வழியே பானெட்டின் எந்த இடத்தில் தெரிந்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். அநேகமாக நடுப்பகுதியை ஒட்டித் தெரியும். ரோட்டு ஓர வெள்ளைக் கோடும் அதே இடத்தில் தெரிந்தால் உங்கள் இடது சக்கரம் கோட்டின் மேலேயே போகிறது என்று பொருள்.

ரிவர்ஸ் கோணலாகப் போவதற்குப் பெரும்பாலும் காரணம் வேகம்தான். பதற்றத்தில் ஆக்ஸிலேட்டர் கொடுக்கிறார்கள், ஸ்டியரிங் திருப்ப நேரம் போதாமல் போகிறது. சமதளத்தில் ரிவர்ஸுக்கு ஆக்ஸிலேட்டரே வேண்டாம். ஹாஃப் கிளட்சில், கூட நடந்து வருகிற ஆளை விட மெதுவாக வண்டி வர வேண்டும். வலது கால் பிரேக்குக்கு மேலே காத்திருக்கட்டும். பின்பக்கம் எந்தத் திசையில் போக வேண்டுமோ அந்தத் திசையில் ஸ்டியரிங்கைத் திருப்புங்கள், இடது பக்கம் போக இடது, வலதுக்கு வலது. பின்பக்கம் இடதில் நுழையும்போது வண்டியின் மூக்கு வலது பக்கம் வீசும். புதியவர்கள் மறப்பது அந்த மூக்கை. பக்கத்தில் நிற்கிற வண்டியில் உரசுவது அதுதான்.

பழக இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி போதும். பாட்டிலோ செங்கல்லோ வைத்தால் பின்கண்ணாடியில் தெரியாது. நாற்காலி தெரியும், இடித்தாலும் நஷ்டமில்லை. சிறிய கார்களின் அகலம் பக்கக் கண்ணாடியைச் சேர்க்காமல் ஒன்றரை முதல் ஒன்றே முக்கால் மீட்டர் இருக்கும். நாற்காலிகளுக்கு நடுவே முதலில் 3 மீட்டர் விடுங்கள், நாலைந்து தடவை சரியாக வந்தபின் இரண்டரை மீட்டராகக் குறையுங்கள். நேராகப் பின்னால் வருவது, இடது பக்கத் திறப்பில் நுழைவது, வலது பக்கத் திறப்பில் நுழைவது என்று மூன்றையும் பழகுங்கள். குறுகலான இடத்துக்குள் ரிவர்ஸில் நுழைவதும், முன்னும் பின்னுமாக எடுத்து வண்டியை எதிர்த்திசைக்குத் திருப்புவதும் விதி 15-இன் பட்டியலில் இருக்கின்றன. கோணலாகிவிட்டது என்று தோன்றினால் நிறுத்திவிட்டு முன்னால் எடுத்துச் சரி செய்யுங்கள்.

கணவரோடு பழகுவது பற்றி. சட்டம் அதற்கு இடம் தருகிறது, நிபந்தனைகளோடு. அவரிடம் செல்லுபடியாகும் கார் லைசென்ஸ் இருக்க வேண்டும், வண்டியைக் கட்டுப்படுத்தவோ நிறுத்தவோ முடிகிற இடத்தில், அதாவது ஹேண்ட் பிரேக் எட்டுகிற பக்கத்து சீட்டில் உட்கார வேண்டும். முன்னும் பின்னும் வெள்ளையில் சிவப்பு 'எல்' வேண்டும். பலகை 18 செ.மீ. சதுரத்துக்கும், எழுத்து 10 செ.மீ. உயரத்துக்கும் குறையக் கூடாது. பேப்பரில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதி ஒட்டுகிற சின்ன எழுத்து கணக்கில் வராது. அவர் இல்லாமல் தனியாக எடுத்தால் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டியதாகிவிடும். 2019 திருத்தத்துக்குப் பிறகு அதற்கான அபராதம் 5,000 ரூபாய்.

அபராதத்தை விடப் பெரிய விஷயம் இன்ஷூரன்ஸ். உங்கள் பாலிசியை எடுத்து 'டிரைவர்' என்று தலைப்பிட்ட பத்தியைப் படியுங்கள். எல்.எல்.ஆர். வைத்திருப்பவரும் ஓட்டலாம், ஆனால் விதி 3-இன் நிபந்தனைகள், அதாவது மேலே சொன்ன பக்கத்து சீட், 'எல்' பலகை நிபந்தனைகள், பூர்த்தியாகியிருக்க வேண்டும் என்ற கருத்தில் எழுதியிருக்கும். விபத்து நேரத்தில் வண்டி பயணிகளை ஏற்றிச் செல்லப் பயன்பட்டிருக்கக் கூடாது என்றும் சில பாலிசிகளில் இருக்கலாம். அதனால் பழகப் போகும்போது பின்சீட்டில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகாதீர்கள். அவர்களை ஸ்கூலில் விடுகிற சாக்கில் பழகுவதும் வேண்டாம்.

கத்துவதைப் பற்றி: அவர் கத்துவதில் பாதி அவருடைய பயம். அவர் காலடியில் பிரேக் இல்லை. வண்டியை எடுப்பதற்கு முன்பே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். 'நிறுத்து' என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் நீங்கள் யோசிக்காமல் கீழ்ப்படிவீர்கள், அதை அவர் வேறு எதற்கும் பயன்படுத்தக் கூடாது. 'ஏய்', 'பாத்து', 'அய்யோ' மூன்றும் வேண்டாம், அவற்றைக் கேட்டு எதைச் செய்வது என்று ஓட்டுகிறவருக்குத் தெரியாது. திரும்ப வேண்டிய இடத்தைக் குறைந்தது 50 மீட்டருக்கு முன்னால் சொல்ல வேண்டும். தவறுகளை வண்டி நின்றபின் பேசிக்கொள்ளலாம். காலை ஆறு மணிக்குக் கிளம்பி 40 நிமிஷத்தில் முடித்துவிடுங்கள். அதற்கு மேல் இருவருக்கும் பொறுமை தாங்காது, காலும் சோர்ந்துவிடும்.

எப்போது டெஸ்ட்டுக்குப் போவது? தோற்ற நாளில் இருந்து 7 நாள் கழித்து மறுபடி வரலாம் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் பிரிவு 9. அடுத்த வாரமே தேதி எடுத்துவிடத் தோன்றும், எடுக்காதீர்கள். மூன்று முறை தோற்றால் கடைசி டெஸ்ட்டில் இருந்து 60 நாள் காத்திருக்க வேண்டும் என்று அதே பிரிவு சொல்கிறது. எல்.எல்.ஆர். ஆறு மாதம்தான் செல்லும், உங்களிடம் மிச்சம் இருப்பது இரண்டு மாதம். அவசரப்பட்டு அடுத்த இரண்டு வாய்ப்பையும் விட்டால், காத்திருக்கும்போதே எல்.எல்.ஆர். காலாவதியாகிப் புதிதாக எடுக்க வேண்டியிருக்கும். மூன்று வாரம் கழித்துத் தேதி எடுங்கள். அதற்குள் 12, 13 மணி நேரம் வண்டி உங்கள் கையில் ஓடியிருக்கும். அப்போதும் தவறினால் மூன்றாம் முயற்சிக்கு நேரம் இருக்கும்.

'நாங்க பார்த்துக்கறோம்' என்று சொன்னவர்களுக்கு, பயிற்சி மட்டும் கொடுங்கள் என்று பதில் சொல்லுங்கள். கூடுதலாகப் பணம் கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். லஞ்சம் என்பதால் மட்டும் சொல்லவில்லை. அப்படி வாங்கிய லைசென்ஸோடு ஏதாவது ஒரு பாலத்து ஏற்றத்தில், பின்னால் லாரி நிற்க, இதே மாதிரி உருளுவீர்கள். அங்கே பார்த்துக்கொள்ள யாரும் இருக்க மாட்டார்கள்.

டெஸ்ட் அன்று உட்கார்ந்ததும் அவசரப்படாதீர்கள். உங்களுக்கு முன் ஓட்டியவரின் உயரத்துக்கு சீட் இருக்கும், அதை மாற்றுங்கள். பெல்ட். உள்கண்ணாடியில் பின்கண்ணாடி முழுக்கத் தெரிய வேண்டும், பக்கக் கண்ணாடிகளில் சொந்த வண்டியின் ஓரம் ஒரு கோடாகத் தெரிந்தால் போதும். கண்ணாடியைச் சரி செய்வது விதிப் பட்டியலின் முதல் அம்சம், ஏற்கெனவே சரியாக இருந்தாலும் கையால் தொட்டுப் பாருங்கள். கியர் நியூட்ரலில் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்து ஸ்டார்ட் செய்யுங்கள். கிளம்பும் முன் கண்ணாடி, இண்டிகேட்டர், வலது தோளுக்கு மேலே ஒரு பார்வை. திரும்பும்போதும் ஓரம் கட்டும்போதும் இதே வரிசை. இண்டிகேட்டரைப் போட்டுவிட்டுக் கண்ணாடியைப் பார்ப்பதுதான் அதிகம் பேர் செய்கிற தவறு. 'கியர் மாத்துங்க' என்றால் வேகம் காட்டச் சொல்லவில்லை. முதல் கியரில் 10, 15 கி.மீ., இரண்டில் 25, 30 வந்ததும் மூன்று, அவ்வளவே. மாற்றும்போது கியர் கம்பியைப் பார்க்காதீர்கள், கண் ரோட்டில் இருக்கட்டும்.

கை சைகைகள் கேட்கக்கூடும். எல்லாமே வலது கையால்தான். வலது பக்கம் திரும்ப, உள்ளங்கை முன்னால் தெரிய கையை நேராக நீட்ட வேண்டும். இடதுக்கு, நீட்டிய கையைக் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழற்ற வேண்டும். வேகம் குறைக்க, உள்ளங்கை தரையைப் பார்க்க மேலும் கீழும் அசைக்க வேண்டும். நிறுத்த, முழங்கையை மடக்கி முன்கையைச் செங்குத்தாக உயர்த்த வேண்டும்.

வண்டி அணைந்துவிட்டால்? உடனே பிரேக்கையும் கிளட்சையும் மிதியுங்கள். ஹேண்ட் பிரேக், நியூட்ரல், ஸ்டார்ட், மறுபடி முதலில் இருந்து. பதறிப்போய் கியரில் இருக்கும்போதே சாவியைத் திருப்பினால் வண்டி முன்னால் குதிக்கும். அணைந்த பிறகு நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்பதையும் இன்ஸ்பெக்டர் பார்த்துக்கொண்டுதான் இருப்பார். அந்த வரிசையையும் வீட்டில் பத்துத் தடவை வேண்டுமென்றே வண்டியை அணைத்துவிட்டுப் பழகுங்கள். எல்.எல்.ஆர்., விண்ணப்பம், ஸ்கூல் தருகிற பயிற்சிச் சான்றான படிவம் 5 ஆகியவற்றை முந்தின இரவே எடுத்து வைத்துவிடுங்கள். சொந்தக் காரில் போவதானால் ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் நடப்பில் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

ஆட்டோமேட்டிக் கேள்விக்கு: இரு சக்கர வாகனத்துக்குத்தான் கியர் உள்ளது, இல்லாதது என்று லைசென்ஸில் தனித்தனிப் பிரிவு. காருக்கு அப்படி இல்லை. வீட்டில் இருப்பது ஆட்டோமேட்டிக் என்றால் அதிலேயே பழகி அதையே ஓட்டுங்கள், அதில் குறைவு ஒன்றுமில்லை. வீட்டுக் கார் கியர் வண்டி என்றால் கிளட்சில் இருந்து தப்பிக்க மட்டும் மாறாதீர்கள். லைசென்ஸ் கையில் இருக்கும், வாசலில் நிற்கிற காரை எடுக்க முடியாது.

வயதைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். 12 வருஷம் சேலத்து டிராஃபிக்கில் ஸ்கூட்டர் ஓட்டியவருக்கு, எதிரே வருகிறவர் என்ன செய்யப் போகிறார் என்று முன்கூட்டியே தெரியும். 18 வயதுப் பையனுக்குக் கிளட்ச் இரண்டு நாளில் வந்துவிடும், இந்தக் கண் வர வருஷக்கணக்காகும். உங்களுக்கு இடது கால் மட்டுமே பாக்கி. வயதால் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. 40-க்கு மேல் மருத்துவச் சான்று தேவை என்பதால் எல்.எல்.ஆர். எடுக்கும்போதே படிவம் 1ஏ கொடுத்திருப்பீர்கள். அதன் பிறகு பக்கத்தில் இருப்பவை மங்கி, மீட்டர் எண்கள் கலங்கலாகத் தெரிய ஆரம்பித்திருந்தால் கண் மருத்துவரிடம் ஓட்டுவதற்கென்றே சொல்லிக் கண்ணாடி வாங்குங்கள். படிக்கிற கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஓட்டினால் தூரத்து ரோடு மங்கும். புதிய கண்ணாடியில் படி இறங்கும்போது தடுமாற்றம் வருவது போல ரிவர்ஸில் தூரக் கணக்கும் கொஞ்ச நாள் பிசகும். அதனால் டெஸ்ட்டுக்குக் குறைந்தது பத்து நாள் முன்னதாகவே அதைப் போட்டு ஓட்டிப் பழகிவிடுங்கள்.